உப்புக் காற்றுக்குத் தாங்கும் பிசிபி: வீட்டிலேயே செய்யத் தொடங்குவோருக்கு

பிசிபி என்பது மின்னணு உதிரிகளைச் செம்புக் கோடுகளால் இணைக்கும் போர்டு. அதை வீட்டில் செய்வது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் உதிரிகளுக்கு சால்டர் (ஈயப் பற்று) வைத்து, எல்இடி எரிந்ததோடு முடிந்துவிடும். ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கம் இருப்பவருக்கு அந்த இடத்தில் பாதி வேலை பாக்கி இருக்கிறது. போர்டில் ஒட்டியிருக்கும் செம்பின் கனம் வெறும் 35 மைக்ரான், ஏறக்குறையத் தலைமுடியின் கனத்தில் பாதி. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் கனத்த இரும்பையே ஓயாமல் பராமரித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. 35 மைக்ரான் செம்புக்கு உப்புக் காற்று எவ்வளவு நாள் தவணை கொடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இங்கே உப்பையும் ஈரத்தையும் கடைசியில் பூசும் லாக்கர் என்ற காப்புப் பூச்சோடு சேர்த்து யோசித்தால் போதாது. சர்க்யூட் வரையும்போதே அவை கணக்கில் வர வேண்டும்.

முதல் போர்டுக்கு என்ன செய்யலாம்

12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டதைக் காட்டும் சின்ன போர்டு நல்ல தொடக்கம். படகு பேட்டரிக்கும் ஆகும், வீட்டு சோலார் விளக்குக்கும் ஆகும். ஒரு பக்கச் செம்பு போதும், 5 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் துண்டில் அடங்கிவிடும்.

இதன் மூளை டிஎல்431 என்ற மூன்று கால் உதிரி. அதன் ரெஃபரன்ஸ் காலில் சுமார் 2.5 வோல்ட் வந்ததும் கேத்தோடிலிருந்து ஆனோடுக்குக் கரண்டை விடும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து முதலில் ஒரு 1என்4007 டயோடு; வயரை மாற்றிக் கொடுத்தாலும் போர்டு பிழைக்க இது வேண்டும். டயோடைத் தாண்டிய லைனிலிருந்து 33 கிலோஓம் ரெசிஸ்டர், அதோடு தொடராக 10 கிலோஓம் பிரிசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்), அங்கிருந்து இன்னொரு 10 கிலோஓம் மைனஸுக்கு. பிரிசெட்டும் கீழே உள்ள 10 கிலோஓமும் சேரும் இடம் ரெஃபரன்ஸ் காலுக்குப் போகும். ஆனோடு மைனஸுக்கு. டயோடைத் தாண்டிய அதே மேல் லைனிலிருந்து 1 கிலோஓம், ஒரு பச்சை எல்இடி, பிறகு கேத்தோடு. எல்இடியின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு 2.2 கிலோஓம். மேல் லைனுக்கும் மைனஸுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. அவ்வளவுதான். ரெசிஸ்டர் எல்லாம் கால் வாட்.

அந்த 2.2 கிலோஓமை வேண்டாததென்று விட்டுவிடாதீர்கள். குறித்த வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்போதும் டிஎல்431 வழியாகச் சிறிது கரண்ட் ஒழுகும். குறுக்கே ரெசிஸ்டர் இல்லையென்றால் எல்இடி முழுதாக அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

பிரிசெட்டைத் திருப்பினால் ஏறக்குறைய 11.4 வோல்ட்டிலிருந்து 13.9 வோல்ட் வரை எந்த இடத்திலும் நிறுத்தலாம். லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் பாதிதான் மிச்சம். அங்கே வைப்பது நல்லது. அதற்கு மேல் எல்இடி எரியும், கீழே போனால் அணையும். போர்டு தானும் 10 மில்லிஆம்பியர் அளவுக்குத் தின்னும் என்பதால், வாரக் கணக்கில் கரையில் கிடக்கும் படகுக்கு ஒரு புஷ் பட்டன் வைத்து, அமுக்கினால் மட்டும் காட்டும்படி செய்துவிடலாம்.

33 கிலோவும் 10 கிலோவும் ஏன், 330 கிலோவும் 100 கிலோவும் வைத்தால் கரண்ட் மிச்சமாகுமே என்று தோன்றலாம். உலர்ந்த ஊரில் அது சரி. இங்கே இரண்டு டிராக்குக்கு (செம்புக் கோடு) நடுவே உப்பு ஈரம் படிந்தால் அதுவே ஒரு ரெசிஸ்டர். அது 1 மெகாஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 330 கிலோஓமுக்குக் குறுக்கே அது விழுந்தால் மதிப்பு 248 கிலோஓமாக, அதாவது கால் பங்கு குறைந்துவிடும். 33 கிலோஓமுக்குக் குறுக்கே விழுந்தால் 3 சதவீதம்தான் குறையும். கடற்கரைக்கு வரையும் எந்தச் சர்க்யூட்டிலும் ரெசிஸ்டர் மதிப்பைக் கரண்ட் அனுமதிக்கும் அளவுக்குக் கீழேயே வையுங்கள். பிரிசெட்டும் திறந்த கார்பன் வகை வேண்டாம். 3296 என்று கடையில் கேட்டால் கிடைக்கும் மூடிய, பல சுற்றுத் திருகு வகையை வாங்குங்கள்.

போர்டும் படமும்

செம்புத் தகடு ஒட்டிய வெறும் போர்டான காப்பர் கிளாட் இரண்டு வகையாக வரும். ஹைலம் என்று கடைக்காரர் சொல்லும் பழுப்பு நிற பீனாலிக் போர்டு மலிவு, துளை போடவும் சுலபம். ஆனால் அது காகித அடுக்கு. ஈரத்தைக் குடிக்கும், சூடு அதிகமானால் பேட், அதாவது உதிரியின் காலுக்கு சால்டர் வைக்கும் செம்பு வட்டம், பெயர்ந்துவிடும். பழகிப் பார்க்க வாங்கிக்கொள்ளலாம். படகில் ஏறப்போகும் போர்டுக்கு எஃப்ஆர்-4 என்ற கண்ணாடி நார் போர்டு, 1.6 மில்லிமீட்டர் கனம், ஒரு பக்கச் செம்பு வாங்குங்கள். 6க்கு 4 அங்குலத் தகட்டில் ஆறு துண்டு எடுக்கலாம். ரெசிஸ்டரும் சால்டரும் டிவி, மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடையிலேயே கிடைக்கும். காப்பர் கிளாட், செம்பை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு இரண்டுக்கும் மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போகிறவரிடம் சொல்லிவிடுவதோ ஆன்லைனில் வாங்குவதோதான் வழி.

படம் வரைய கீகேட் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் இலவசம். அந்தப் படத்தை லேசர் பிரிண்ட் எடுத்து, டோனரைச் சூட்டில் செம்பில் ஒட்டி, டோனர் மூடாத செம்பை அரித்துவிடுவதே டோனர் முறை. முதல் போர்டில் டிராக் அகலம் 1 மில்லிமீட்டர், இடைவெளி 0.8 மில்லிமீட்டர், பேட் 2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். இதைவிட மெல்லிசாகவும் டோனர் முறையில் எடுக்க முடியும். ஆனால் இடைவெளி குறையக் குறைய மேலே சொன்ன ஒழுக்கு கூடும். பேட் நடுவே 0.5 மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி விடுங்கள். அரிப்பில் அது சிறு குழியாகி டிரில் பிட் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். போர்டின் ஒரு மூலையில் செம்பிலேயே வரும்படி ஓர் எழுத்து போட்டுவையுங்கள்.

அந்த எழுத்து எதற்கென்றால், புதியவர்களின் போர்டில் பாதி வீணாவது கண்ணாடிப் பிம்பக் குழப்பத்தில்தான். கீழ்ப்பக்கச் செம்பை கீகேட் மேலிருந்து பார்ப்பது போலக் காட்டும். அதை அப்படியே, மிரர் போடாமல் பிரிண்ட் எடுக்க வேண்டும். காகிதத்தில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறித் தெரிந்தால் சரி. செம்பில் ஒட்டியபின் நேராக வந்துவிடும். காகிதத்தில் நேராகப் படிக்க முடிந்தால் அந்தப் பிரிண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிரிண்ட்டுக்கு லேசர் பிரிண்டரோ ஜெராக்ஸ் மெஷினோதான் வேண்டும். இரண்டிலும் டோனர் என்பது உருகும் பிளாஸ்டிக் தூள். இங்க்ஜெட் மை இதற்கு உதவாது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: டோனர் சேவ் அணைத்திருக்க வேண்டும், கறுப்பு அதிகபட்சம், அளவு 100 சதவீதம். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்தால் 97 சதவீதமாகச் சுருங்கி, கடைசியில் உதிரியின் கால் துளைக்குள் இறங்காது. காகிதம் பளபளப்பான போட்டோ பேப்பர். வார இதழின் வழுவழுப் பக்கமும் வேலை செய்யும், மெஷினில் சிக்கிக்கொண்டால் திட்டு வாங்க வேண்டும்.

துடைத்து, தேய்த்து, ஒட்டுவது

இந்தக் கட்டத்துக்கு நேரம் பார்ப்பது நல்லது. விடியற்காலையிலும், கொண்டல் என்ற கீழைக் காற்று அடிக்கிற நாளிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் காகிதமே நமத்திருக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி டோனரைக் கொப்பளமாகத் தூக்கிவிடும். போட்டோ பேப்பரை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் வையுங்கள். முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நான்கு வரை செய்வது உத்தமம். கச்சான் என்ற மேலைக் காற்றுக் காலத்தில் ஈரம் குறைவு, ஆனால் நுண்மணல் பறக்கும். டோனருக்கு அடியில் ஒரு மணல் மாட்டினால் அதைச் சுற்றி வட்டமாக ஒட்டாது. ஜன்னலை மூடிவிடுங்கள்.

செம்பை 600 நம்பர் வாட்டர் எமரியாலோ ஸ்காட்ச் பிரைட்டாலோ பாத்திர சோப்போடு வட்டமாகத் தேயுங்கள். ரோஸ் நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வர வேண்டும். தண்ணீர் ஊற்றினால் முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவ வேண்டும். திரண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது. கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. இதற்குப் பின் செம்பில் விரல் படவே கூடாது, ஓரத்தைப் பிடியுங்கள். நேற்றுத் துடைத்து வைத்த போர்டு இன்றைக்கு ஆகாது. கடலோரத்தில் ஒரு ராத்திரியில் நிறம் மங்கிவிடும். துடைத்த கையோடு ஒட்ட வேண்டும்.

அயர்ன் பாக்ஸில் ஸ்டீம் இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காட்டன் அளவில் வையுங்கள். மரப்பலகை மேல் போர்டை வைத்து, வெள்ளைத் தாள் ஒன்றை மேலே போட்டு ஒரு நிமிடம் சூடாக்குங்கள். போர்டின் ஈரமும் போகும், டோனர் பட்டதும் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரிண்ட்டைக் கவிழ்த்து வைத்து, முதல் அரை நிமிடம் அசைக்காமல் அழுத்துங்கள். அடுத்த மூன்று நிமிடம் அயர்ன் பாக்ஸின் முனையால் ஓரங்களை விட்டுவிடாமல் தேயுங்கள். அழுத்தம் கூடினால் டோனர் நசுங்கி டிராக் தடித்துவிடும், பக்கத்து டிராக்கோடு ஒட்டவும் செய்யும். ஆறியபின் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தை விரலால் உருட்டி எடுங்கள். இழுக்க வேண்டாம். டிராக்குகளுக்கு இடையே வெள்ளைப் பிசிறு நின்றால் பழைய டூத் பிரஷ். எங்காவது டோனர் விட்டிருந்தால் சிடி மார்க்கரால் இரண்டு பூச்சு போடலாம். மூன்று இடத்துக்கு மேல் விட்டிருந்தால் அசிட்டோனால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவதே நேரம் மிச்சம்.

அரிப்பு

பெர்ரிக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரையும் சரக்கு. இங்கே பொட்டலத்தை அவிழ்த்து வைத்தால் சீக்கிரமே கசகசத்துக் குழம்பாகிவிடும். வாங்கிய அன்றே முழுவதையும் கரைத்து பிளாஸ்டிக் பாட்டிலில் அடைப்பது புத்திசாலித்தனம். மஞ்சள் கட்டி வகையானால் 125 கிராமை 250 மில்லி தண்ணீரில் கரையுங்கள். தண்ணீரை முதலில் ஊற்றி, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கருத்த, நீரற்ற தூளானால் கொதிக்கிற அளவுக்குச் சூடேறும், அதை இன்னும் மெதுவாக. கையுறை, கண்ணாடி, பழைய சட்டை. பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி மட்டும். அலுமினியத்தை வெறியோடு தின்னும், எவர்சில்வர் தொட்டியையும் விடாது, சிமெண்டுத் தரையில் பட்ட கறை போகாது.

5க்கு 4 சென்டிமீட்டர் போர்டுக்கு 50 மில்லியே போதும். மொத்தச் செம்பே முக்கால் கிராமுக்கு உள்ளேதான். சின்ன டப்பாவில் ஊற்றி, அந்த டப்பாவை வெந்நீர்த் தட்டில் மிதக்கவிட்டு, 40 டிகிரி சூட்டில் ஆட்டிக்கொண்டே இருங்கள். புதுக் கரைசலில் பத்திலிருந்து இருபது நிமிடத்தில் முடியும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும். நடுவில் தீவு போல நின்றுவிட்ட செம்பு இருந்தால் அங்கே பசை இருந்திருக்கிறது என்று அர்த்தம். வேண்டாத செம்பு போனதும் உடனே எடுத்துவிடுங்கள். விட்டால் டோனருக்கு அடியில் பக்கவாட்டில் தின்று டிராக்கை மெலிய வைக்கும். டிராக்கில் ஊசிக் குத்துப் போலத் துளைகள் வந்தால் பிரிண்டின் கறுப்பு போதவில்லை. 250 மில்லியில் பத்துப் பன்னிரண்டு போர்டு எடுக்கலாம். பிறகு நிறம் கரும்பச்சையாகி வேகம் செத்துவிடும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும் கலந்து இரண்டே நிமிடத்தில் அரிக்கும் முறை இணையத்தில் பிரபலம். வேண்டாம். அதன் புகை அந்த அறையிலுள்ள டூல், பூட்டு, மின்விசிறித் தண்டு எல்லாவற்றிலும் துரு ஏற்றும். அந்த வேலையை இங்கே காற்றே செய்துகொண்டிருக்கிறது.

எடுத்த போர்டை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒரு நிமிடம் அலசுங்கள். அதன்பின் சாதாரணத் தண்ணீர், கடைசி அலசல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில். போர் தண்ணீர் பல ஊர்களில் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் குளோரைடைப் போர்டிலேயே விட்டுவைத்ததாகும். பிறகு எந்த லாக்கர் பூசினாலும் அதன் அடியில் பச்சை பூக்கும்.

தீர்ந்த கரைசலை எங்கே ஊற்றுவது? சாக்கடை, கிணற்றடி, ஓடை, கடல் எதுவும் கூடாது. செம்பு மிகக் குறைந்த அளவிலேயே பாசியையும் சிப்பிக் குஞ்சையும் கொல்லும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது இங்கேதான். மண்டபம், பாம்பன் கரையில் கடல்பாசி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. 250 மில்லிக்கு நீற்றிய சுண்ணாம்பு நூறு கிராம்வரை தேவைப்படும். தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். பிஎச் தாளில் 8க்கும் 9க்கும் இடையே காட்டி, மேலே நிற்கும் நீர் நிறமற்றுப் போனால் செம்பும் இரும்பும் அடியில் இறங்கிவிட்டன. அகன்ற பிளாஸ்டிக் தட்டில் மொட்டை மாடி வெயிலில் வைத்தால் சில நாளில் சேறு காய்ந்துவிடும். பிள்ளைகளும் ஆடும் எட்டாத இடமாக இருக்கட்டும். காய்ந்ததைச் சிமெண்டில் குழைத்துக் கட்டியாக்கி, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

துளை, சால்டர்

டோனரை இப்போதே துடைக்க வேண்டாம். சால்டர் வைக்கும் நாள்வரை செம்புக்கு அதுவே மேலாடை. கிடக்கிற போர்டை எடுத்து வைப்பதானாலும் டோனரோடே வையுங்கள்.

ரெசிஸ்டர், டிஎல்431, எல்இடிக்கு 0.8 மில்லிமீட்டர் பிட். 1என்4007 கால் கொஞ்சம் தடிப்பு, 1 மில்லிமீட்டர். வயர் டெர்மினலுக்கு 1.3, மூலைத் திருகுக்கு 3.2. எஃப்ஆர்-4இல் உள்ள கண்ணாடி சாதாரண எச்எஸ்எஸ் பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். கார்பைடு பிட் நீடிக்கும், ஆனால் கை சாய்ந்தால் படக்கென்று ஒடியும்; ஸ்டாண்ட் இல்லாமல் அதை வாங்காதீர்கள். கண்ணாடித் தூள் மூச்சில் போகக் கூடாது. மாஸ்க் கட்டிக்கொண்டு, தூளை ஊதாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

பிறகு அசிட்டோனால் டோனரைத் துடைத்து, உடனே ரோசின் ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பசை) தடவி, எல்லா டிராக் மேலும் மெல்லிசாக ஈயம் ஓட்டிவிடுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 சால்டர், கொஞ்சம் டிசால்டரிங் வயர் (பின்னிய செம்பு நாடா) இருந்தால் ஒரே இழுப்பில் சமமாகப் பரவும். வெறும் செம்பைவிட ஈயம் பூசிய டிராக் உப்புக் காற்றில் பல மடங்கு தாங்கும். பாத்திரம் பற்றவைக்கும் அமில ஃப்ளக்ஸை இந்த மேஜைக்கே கொண்டுவராதீர்கள். அதிலிருக்கும் ஜிங்க் குளோரைடு ஈரம் பட்டதும் வேலையைக் காட்டும். உதிரி வைக்கும்போது டிஎல்431-இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலமாக ரெஃபரன்ஸ், ஆனோடு, கேத்தோடு என்பது வழக்கமான வரிசை. வாங்கிய கம்பெனியின் டேட்டாஷீட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பூச்சும் பெட்டியும்

பூசுவதற்கு முன்பே பிரிசெட்டை 12.2க்குத் திருப்பி வைத்து, சோதித்துவிட வேண்டும். கூட்டிக் குறைக்கும் சப்ளை இல்லையென்றால், விளக்கைப் போட்டு பேட்டரியை இறக்கி, விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, மல்டிமீட்டரில் 12.2 பாருங்கள், அந்த இடத்தில் எல்இடி அப்போதுதான் அணையும்படி திருகுங்கள்.

இனி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் டூத் பிரஷும். ஃப்ளக்ஸ் பிசுக்கு முழுக்கப் போக வேண்டும். ஹேர் டிரையரில் பத்து நிமிடம் காயவைத்து, சூடு இருக்கும்போதே தெளிவான அக்ரிலிக் லாக்கர் ஸ்ப்ரேயை மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டு அடியுங்கள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் அடியில் காயாது. ஈரக் காற்றில் அடித்தால் பால் போல வெளுக்கும். அப்படி வெளுத்தால் உள்ளே ஈரம் மாட்டிவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். டெர்மினலையும் புஷ் பட்டனையும் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் வயர் ஓட்டையை அடைக்க ஹார்டுவேர் கடை சிலிக்கான் டியூபை எடுப்பவர்கள் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். வினிகர் வாடை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை; மூடிய பெட்டிக்குள் அது செம்பைத் தின்னும். டியூபில் நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

பெட்டி ஐபி65, அதாவது தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத, பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ். வயர் நுழையும் கிளாண்டு கீழ்ப்பக்கம் பார்க்க, வயர் ஒருமுறை தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். வயர் முனைக்கு ஈயம் ஓட்டாமல் விட்டால் இன்சுலேஷனுக்குள்ளேயே பச்சை ஏறி, வெளியே நன்றாகத் தெரியும் வயர் உள்ளே செத்துக் கிடக்கும். டெர்மினல் மேல் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். திருகுகள் எவர்சில்வர். பேட்டரி பிளஸ்ஸிலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று.

மழைக்காலம் முடிந்ததும் மூடியைத் திறந்து பாருங்கள். டெர்மினல் காலடியில் பச்சை தெரிந்தால் அந்த இடத்து லாக்கரை மட்டும் சுரண்டி, ஆல்கஹாலால் கழுவி, ஈயம் ஓட்டி, மேலே ஒரு பூச்சு அடித்தால் போதும். டிராக்கே அறுந்திருந்தால் ரெசிஸ்டரில் வெட்டிப்போட்ட கால் துண்டை மேலே கிடத்தி சால்டர் வையுங்கள். அது முன்பிருந்த டிராக்கைவிட நாலு மடங்கு உறுதி.